அனுப்புவது யார், போவது யாருக்காக: 'குவாண்டம் லீப்' தொடரின் இரு வடிவங்களில் நம்பிக்கையும் செயல்நோக்கமும்

காலப்பயணத்தைக் கருவாகக் கொண்ட கதை எதுவாயினும், அந்தப் பயணம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு ஏதேனும் ஒரு விளக்கத்தைத் தந்துவிடுகிறது; ஆனால் பயணி ஏன் போகிறார், போன இடத்தில் முன்பின் அறியாதவர்களுக்காக ஏன் பாடுபடுகிறார் என்ற கேள்விகளைப் பெரும்பாலான கதைகள் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1989 மார்ச் 26 முதல் 1993 மே 5 வரை ஐந்து பருவங்களாக, 97 பகுதிகளாக ஒளிபரப்பான 'குவாண்டம் லீப்' தொடர் இந்தக் கேள்விகளையே மையமாக வைத்துக்கொண்டது. அதே நிறுவனம் அதே பெயரில் 2022 செப்டம்பர் 19 அன்று தொடங்கிய புதிய தொடர், இரண்டு பருவங்களில் 31 பகுதிகளோடு முடிந்தது. ஒரு பழைய படைப்பின் பெயரையும் அடிப்படைக் கருத்தையும் வைத்துக்கொண்டு புதிய பாத்திரங்களோடு மீண்டும் தொடங்குவதை மறுதொடக்கம் என்பர். இந்தத் தொடரோ பழைய கதை நடந்து முடிந்த அதே உலகில், ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் நடப்பதாக அமைந்திருப்பதால், அதைத் தொடர்ச்சி என்பதே கூடுதலாகப் பொருந்தும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், முதல் தொடரில் மேல்நோக்கியிருந்த நம்பிக்கை இரண்டாவதில் பக்கத்திலிருக்கும் மனிதரை நோக்கித் திரும்பியிருப்பதும், அதனால் நாயகனின் செயல்நோக்கமே வேறாகிவிட்டதும் புலப்படுகின்றன.

டொனால்ட் பெல்லிசாரியோ உருவாக்கிய முதல் தொடரின் நாயகன் சாம் பெக்கெட், இந்தியானா மாநிலத்துப் பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்த இயற்பியலாளர். மனித வாழ்க்கை ஒரு நூலைப் போன்றது, அதன் இரு முனைகளையும் முடிந்து சுருட்டிப் பந்தாக்கினால் வாழ்வின் எந்த நாளும் வேறெந்த நாளையும் தொடும், ஆகவே ஒருவர் தம் ஆயுட்காலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் போய்வர இயலும் என்பது அவருடைய கோட்பாடு. அவர் கடந்த காலத்துக்குத் தம் தோற்றத்தோடு போவதில்லை. அக்காலத்தில் வாழ்ந்த ஒருவரின் இடத்தில் நுழைகிறார், சுற்றியிருப்பவர்கள் அந்த மனிதரையே காண்கின்றனர், கண்ணாடியிலும் அந்த முகமே தெரிகிறது. இதற்குத் தாவல் என்று பெயர். தாவும்போது நினைவில் ஓட்டைகள் விழுகின்றன. அவருடைய நண்பரும் கடற்படை அதிகாரியுமான ஆல் கலவிச்சி, ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளியுருவாக வந்து தகவல் சொல்கிறார். பொருள்களைத் தொடவோ நகர்த்தவோ அவரால் முடியாது. சாமாக ஸ்காட் பகுலாவும் ஆலாக டீன் ஸ்டாக்வெல்லும் நடித்தனர்.

சாம் முதன்முதலில் தாவியதற்கான காரணம் உயர்வானது ஒன்றுமில்லை. கோட்பாட்டை மெய்ப்பிக்காவிட்டால் அரசு நிதி நின்றுவிடும் என்ற நெருக்கடியில், சோதனை முழுமையடையும் முன்பே அவர் கருவிக்குள் இறங்கிவிட்டார். அவரைத் திரும்ப அழைக்க முடியாமற்போனது விபத்து. ஆனால் அந்த விபத்தை வேறொன்று கையிலெடுத்துக்கொள்கிறது: ஒவ்வோரிடத்திலும் தவறாகிப்போன ஏதோ ஒன்றைச் சரிசெய்த பின்பே அவரால் அங்கிருந்து விடுபட முடிகிறது, அடுத்து எங்கே போவதென்பதும் அவர் விருப்பத்தில் இல்லை. அனுப்புவது கடவுளா, காலமா, விதியா, வேறு யாரேனுமா என்று சாமும் ஆலும் அடிக்கடி பேசிக்கொள்கின்றனர். தொடர் எந்தப் பெயரையும் உறுதி செய்வதில்லை. மண்ணுலகில் உழலும் தேவதூதனைப் பற்றிய 'ஹைவே டு ஹெவன்' தொடர் 1984 முதல் 1989 வரை இதே என்பிசியில்தான் வெளியானது; 1994-இல் சிபிஎஸ் நிறுவனம் 'டச்ட் பை ஆன் ஏஞ்சல்' தொடரைத் தொடங்கியது. இறைவனின் ஏவலாளர்களை வெளிப்படையாகக் காட்டிய இவ்விரு தொடர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த 'குவாண்டம் லீப்', ஏவலை வைத்துக்கொண்டு ஏவியவரை மட்டும் மறைத்தது. ஆன்மிகத் துணிவு எதில் கூடுதல் என்று கேட்டால், பெயர் சொல்லாத இந்தத் தொடரில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த மறைப்பு நாயகனின் நோக்கத்துக்குத் தனி வடிவம் தருகிறது. சான்றுகளால் முடிவு செய்ய இயலாத, ஆனால் முடிவைத் தள்ளிப்போடவும் இயலாத வாழ்க்கைக் கேள்விகளில், நம்பத் துணிவதற்கு மனிதனுக்கு உரிமையுண்டு என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் ஆற்றிய உரையொன்றில் வாதிட்டார். சாமின் நிலை இதற்கு ஏறத்தாழ இலக்கணம்போல் அமைந்தது. தான் எதற்காக வந்தோம் என்பதை அவர் உறுதியாக அறிவதில்லை. சிக்கி என்ற கணினி தரும் நிகழ்தகவு பலமுறை பொய்த்துப்போகிறது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் ஒருவருடைய சாவு நிகழ்ந்துவிடும். எனவே முதலில் செயல், பிறகே அறிவு என்ற வரிசையில் அவர் வாழ வேண்டியிருக்கிறது. வீடு திரும்பும் ஆசை அவரை விட்டு ஒருபோதும் நீங்கவில்லை என்றாலும், எந்த ஒரு தாவலிலும் அவரை இயக்குவது அந்த ஆசையன்று. எதிரில் நிற்கும் அந்நியரின் துன்பமே.

இந்த நம்பிக்கை கடுஞ்சோதனைக்குள்ளாகும் இடம், 1990-இல் மூன்றாம் பருவத்தின் தொடக்கமாக வந்த 'தி லீப் ஹோம்' என்னும் இரு பகுதிக் கதை. அதன் முதல் பகுதியில் சாம் 1969-இல் பதினாறு வயதான தம் உடலுக்கே, தம் சொந்தப் பண்ணை வீட்டுக்கே வந்துசேர்கிறார். புகைப்பழக்கத்தால் பின்னர் இறக்கப்போகும் தந்தை, வியட்நாமில் சாகப்போகும் அண்ணன் டாம், கொடுமைக்காரனை மணக்கப்போகும் தங்கை கேட்டி ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அனுப்பிய ஆற்றல் அவரிடம் கேட்பதோ ஒரு கூடைப்பந்துப் போட்டியில் வெல்வதை மட்டுமே. அந்நியர்களுக்கெல்லாம் கிடைத்த அருள் தன் வீட்டாருக்கு ஏன் இல்லை என்று சாம் கொதிப்பது, துன்பத்தை அனுமதிக்கும் இறைவன் நீதியுள்ளவனா என்று இறையியல் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்வியின் குடும்ப வடிவம். எதிர்காலத்தைத் தங்கையிடம் சொல்லிவிட்டு, அவள் அஞ்சி அழுவதைக் கண்டு, சொன்னதெல்லாம் பொய் என்று அவர் பின்வாங்கும் காட்சி, அறிவைக் காட்டிலும் பொறுமையே சில வேளைகளில் அன்பாகும் என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் உணர்த்துகிறது.

இரண்டாம் பகுதியில் அவர் 1970 ஏப்ரலில் வியட்நாமில், அண்ணனின் படைப்பிரிவிலுள்ள ஹெர்பர்ட் வில்லியம்ஸ் என்ற வீரரின் இடத்தில் இருக்கிறார். 'மேஜிக்' என்பது அந்த வீரரின் செல்லப்பெயர். டாம் பிழைக்கிறார். ஆனால் மேகி டாசன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அதே நிகழ்வில் இறந்துபோகிறார், அவர் எடுத்த கடைசிப் படத்தில் எதிரிகளால் இழுத்துச் செல்லப்படும் போர்க்கைதியாக இளவயது ஆல் இருக்கிறார். தாம் அருகில்தான் இருந்தோம் என்பதும், சாம் திசை மாறியிருந்தால் பல்லாண்டுச் சிறைவாசம் அன்றே முடிந்திருக்கும் என்பதும் ஆலுக்குத் தெரிந்தே இருந்தன; நண்பனின் அண்ணன் பிழைக்கட்டும் என்று அவர் வாய் திறக்கவில்லை. ஓர் உயிருக்கு விலையாக இன்னோர் உயிரும் ஒரு விடுதலையும் போயின என்பதைத் தொடர் மழுப்பவில்லை. அனுப்பும் ஆற்றல் நல்லதுதானா என்ற ஐயத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆலின் மௌனத்தை மட்டும் அது ஐயத்துக்கு இடமின்றி நல்லதாகக் காட்டுகிறது.

ஆல்தான் உண்மையில் இத்தொடரின் நம்பிக்கை வரலாற்றைச் சுமக்கும் பாத்திரம். அதே பருவத்தின் 'லீப் ஆஃப் ஃபெய்த்' பகுதியில் சாம் 1963-இல் பிலடெல்பியாவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் இடத்துக்கு வருகிறார். அநாதை இல்லத்தில் வளர்ந்து, தந்தையை நோய்க்குப் பறிகொடுத்த ஆல் திருச்சபையோடு கொண்டிருக்கும் பிணக்கு அங்கே வெளிப்படுகிறது. அதற்கு முந்தைய பருவத்தின் இறுதிப் பகுதியான 'எம்.ஐ.ஏ.'யில், தாம் இறந்துவிட்டதாக எண்ணி மறுமணம் செய்யவிருக்கும் தம் முதல் மனைவி பெத்தைத் தடுக்க, அவர் விதிகளை மீறிச் சாமைத் தவறாக வழிநடத்தி, கடைசியில் தோற்றுப்போகிறார். வேண்டுதல் பலிக்காத ஒருவர், பிறரின் வேண்டுதல்கள் பலிக்க வாரந்தோறும் உழைக்கிறார் என்ற இந்த முரண் ஆலின் கேலிப் பேச்சுக்கும் வண்ண உடைகளுக்கும் அடியில் எப்போதும் இருக்கிறது. ஸ்டாக்வெல்லின் நடிப்பு அதை ஒருபோதும் அழுத்திச் சொல்லாதது இத்தொடரின் பெரும்பேறு.

தீமைக்கும் முதல் தொடரில் உருவம் உண்டு. 1990-இல் ஹாலோவீன் திருநாளையொட்டி வந்த 'தி பூகிமேன்' பகுதியில் சாத்தானே ஆலின் வடிவில் தோன்றுகிறான். ஐந்தாம் பருவத்தில் அலியா என்ற பெண், சரியாக இருப்பதைக் கெடுப்பதற்காகவே அனுப்பப்படும் எதிர்த்தாவலராக வருகிறார். இந்தப் பகுதிகள் சற்றே மிகையானவை. எனினும் பெயரற்ற நன்மைக்கு எதிரே பெயருள்ள தீமையை நிறுத்தியதன் மூலம், தொடரின் உலகம் அறத்தால் ஆளப்படுவது என்ற எண்ணத்தை அவை வலுப்படுத்தின.

இவையனைத்தும் வந்து முடியும் இடம் 'மிரர் இமேஜ்' என்ற கடைசிப் பகுதி. சாம் தாம் பிறந்த நாளான 1953 ஆகஸ்ட் 8 அன்று, பென்சில்வேனியாவின் ஒரு சுரங்க ஊரில் உள்ள மதுக்கடைக்கு வருகிறார். கண்ணாடியில் அவருடைய சொந்த முகமே தெரிகிறது. எல்லாம் அறிந்தவர்போல் பேசும் கடைக்காரர், சாம் தம்மைத் தாமே அனுப்பிக்கொள்வதாகவும், விரும்பினால் வீடு திரும்பலாம் என்றும் சொல்கிறார். அந்தக் கடைக்காரர் கடவுளா என்பதற்கு விடையில்லை. சாம் வீட்டைத் தேர்ந்தெடுக்காமல் பெத்திடம் போய், உங்கள் கணவர் உயிரோடிருக்கிறார், காத்திருங்கள் என்கிறார். ஆலும் பெத்தும் நான்கு மகள்களோடு வாழ்கின்றனர் என்றும், சாம் ஒருபோதும் வீடு திரும்பவில்லை என்றும் திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. ஏவலால் நிகழ்ந்த தொண்டு இங்கே தன்விருப்பமாக மாறுகிறது. முன்பு ஆல் விதியை மீறிக் கேட்டும் கிடைக்காதது, இப்போது கேளாமலே கிடைக்கிறது.

புதிய தொடரின் கதைமுடிச்சு இந்தக் கொடையிலிருந்தே பிறக்கிறது என்பதைப் பலரும் போதிய அளவு கவனிப்பதில்லை. ஸ்டீவன் லிலியன், பிரையன் வின்பிராண்ட் இருவரும் உருவாக்கிய இத்தொடரில், நாயகன் பென் சாங் (ரேமண்ட் லீ) கொரிய அமெரிக்க இயற்பியலாளர். தாவுவதற்குப் பயிற்சி பெற்றிருந்தவர் அவருடைய வருங்கால மனைவியும் முன்னாள் படைத்துறை அலுவலருமான அடிசன் அகஸ்டின் (கெய்ட்லின் பாசெட்). ஆனால் திருமண உறுதி விருந்து நடந்த இரவில் பென், யாரிடமும் சொல்லாமல் கணினியில் புதிய நிரலை ஏற்றிவிட்டுத் தாமே தாவிவிடுகிறார். அந்த நிரலை அவரோடு சேர்ந்து எழுதியவர் ஜானிஸ் கலவிச்சி, ஆலின் மகள். சாம் பெத்திடம் சொன்ன அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால் ஜானிஸ் பிறந்திருக்கவே மாட்டார். முதல் தொடரின் இறுதி அருட்செயல்தான் இரண்டாம் தொடரின் முதல் மர்மத்தை இயக்குகிறது. இவ்வளவு வளமான முரணைக் கையில் வைத்திருந்தும் எழுத்தாளர்கள் ஜானிஸைப் பெரும்பாலும் துப்புத் தருபவராகவே பயன்படுத்தினர்.

பென் ஏன் தாவினார் என்பதே முதல் பருவம் முழுவதும் நீளும் புதிர். எதிர்காலத்திலிருந்து வந்த எச்சரிக்கையின்படி அடிசனுக்கு நேரவிருக்கும் சாவைத் தடுப்பதற்காக என்பது விடை. கடந்த காலத்துக்குள் அடுத்தடுத்துத் தாவி, அந்த வேகத்தில் எதிர்காலத்துக்கு எறியப்படுவதே திட்டம். சாம் உலகியல் நெருக்கடியால் புறப்பட்டுத் தொண்டராக மாறியவர்; பென் தியாக நோக்கத்தோடு புறப்பட்டாலும் அந்தத் தியாகம் ஒருத்திக்கானது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். குறை நோக்கத்தில் இல்லை, அது மற்றவர்களை வைக்கும் இடத்தில் இருக்கிறது: ஒவ்வொரு தாவலிலும் பென் காப்பாற்றும் மனிதர்கள், கதையின் கட்டமைப்பைப் பொறுத்தவரை, அவர் அடிசனை நோக்கிப் போகும் பாதையின் படிகளாகிவிடுகின்றனர். பென்னின் இயல்பான கனிவும் ரேமண்ட் லீயின் நடிப்பும் இந்த உணர்வைப் பெருமளவு தணிக்கின்றன, கட்டமைப்பு மாறுவதில்லை.

வேறொரு கோணத்தில் இதே அமைப்பு நம்பிக்கையைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்கிறது. தாவிய பென்னுக்கு நினைவு போய்விட்டது. ஒளியுருவாக எதிரில் நிற்கும் அடிசன் தமக்கு யார் என்பதே அவருக்குத் தெரியாது, அவர் மனம் குழம்பக்கூடாதென்று தொடக்கத்தில் அவரிடம் சொல்லப்படுவதும் இல்லை. அறியாத ஒரு குரலை நம்பித் தம் உயிரை அவர் ஒப்படைக்கிறார். அடிசனோ, தம்மை ஏமாற்றிவிட்டுப் போன ஒருவருக்கு நியாயமான காரணம் இருந்தே தீரும் என்று, காரணம் தெரியாமலே நம்புகிறார். சாம் கடவுளிடம் காட்டிய காத்திருப்பை இங்கே ஒரு பெண் ஒரு மனிதரிடம் காட்டுகிறார். முதல் பருவத்தின் உண்மையான விசுவாசி பென் அல்லர், அடிசனே.

மதத்தை நேரடியாகத் தொடும்போது புதிய தொடர் தயங்குகிறது. 2022-இன் ஹாலோவீன் நாளன்று ஒளிபரப்பான 'ஓ யீ ஆஃப் லிட்டில் ஃபெய்த்' பகுதிக்கு, சீடர்களின் நம்பிக்கைக் குறைவை இயேசு கடிந்துகொள்ளும் மத்தேயு நற்செய்திச் சொற்றொடர் தலைப்பாகியுள்ளது. 1930-களில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணுக்குப் பேயோட்ட வரவழைக்கப்பட்ட பாதிரியாரின் இடத்தில் பென் இருக்கிறார். சாத்தானையே மேடையேற்றிய பழைய ஹாலோவீன் பகுதிக்கு நேர்மாறாக, இங்கே பாதிரி உடையிலுள்ள இயற்பியலாளர் பேய்க்குப் பின்னாலுள்ள இயற்கைக் காரணத்தைத் தேடுகிறார். நம்பிக்கை இங்கே துப்பறிதலுக்கு இடம்விடுகிறது. பருவம் நெடுகிலும் பென்னை எதிர்க்கும் மற்றொரு தாவலரான மார்ட்டினெஸும் அலியாவைப் போல் தீமையின் ஏவலாளர் அல்லர். தம் பணி சரியானதென்று உறுதியாக நம்பும் படைவீரர். தீயவன் இல்லாமல் இரு நல்லெண்ணங்கள் மோதுவது அறவியல் நோக்கில் முதிர்ந்த அமைப்புதான். ஆனால் அந்த மோதலின் இறுதி முடிவு விவாதத்தில் அமையாமல் கைகலப்பில் அமைந்துவிட்டது.

இந்த மாற்றத்துக்கு அமெரிக்கச் சமயச் சூழலைக் காரணமாகக் காட்டுவது எளிது. எந்த மதத்தையும் சாராதவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்க வயதுவந்தோர் 2007-இல் 16 விழுக்காடாகவும் 2021-இல் 29 விழுக்காடாகவும் இருந்ததாகப் பியூ ஆய்வு மையம் பதிவு செய்துள்ளது. எனினும் கதைவடிவத்தில் ஏற்பட்ட மாற்றமே வலுவான காரணமாகத் தோன்றுகிறது. 1989-இன் தொடர் வாரத்துக்கொரு தனிக்கதை. எந்த வாரத்தில் பார்த்தாலும் விளங்க வேண்டும் என்பதால், அதன் மேல்நிலை மர்மம் ஆண்டுக்கணக்கில் திறந்தே இருக்க முடிந்தது. 2022-இல் பார்வையாளர் இணையவழியில் அடுத்தடுத்துப் பார்ப்பவர்; அவரை நிறுத்திவைக்க ஒவ்வொரு பகுதியும் ஒரு புதிரைப் போட்டு, பருவ முடிவுக்குள் அதை அவிழ்த்தாக வேண்டும். நிரல், எதிர்காலச் செய்தி, இரகசியத் திட்டம் ஆகியவை அவிழக்கூடிய புதிர்கள். கடவுள் அப்படிப்பட்ட புதிர் அல்லர் என்பதால் கதையிலிருந்து ஓரமாக நகர்த்தப்பட்டார். ஆயுட்கால எல்லை தளர்ந்ததும் இதோடு சேர்ந்ததே: பழைய தொடர் அந்த எல்லையை மிக அரிதாகவே மீறியது, பென்னோ 19-ஆம் நூற்றாண்டின் மேற்கு அமெரிக்காவுக்கும், சூனியக்காரிகள் என்று பெண்கள் வேட்டையாடப்பட்ட 1692-இன் மாசசூசெட்ஸுக்கும் போய்வருகிறார். தன் வாழ்நாளுக்குள் நடந்த தவறுகளுக்குத் தானும் பொறுப்பு என்ற உணர்வு சாமிடம் இருந்தது. எல்லையற்ற காலத்தில் பென் ஒரு விருந்தாளி.

புதிய தொடரின் உயரம் வேறிடத்தில் இருக்கிறது. தாவல் ஆய்வுத் திட்டத்தின் தலைவராக எர்னி ஹட்சன் நடிக்கும் பாத்திரம், வியட்நாமில் சாம் இடம்பிடித்த அதே மேஜிக் வில்லியம்ஸ். தம் வாழ்வின் ஒரு சிறுபொழுது தம்மிடமிருந்து எடுக்கப்பட்டு, யாரோ அதைக்கொண்டு நன்மை செய்தார் என்பதை முதியவராகிய அவர் சொல்லும்போது, அருளைப் பெற்றவரின் சாட்சி முதன்முறையாகக் கேட்கிறது. பழைய தொடரில் இடம் பறிகொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் குரல் இருந்ததில்லை. மேஜிக்கிடம் நம்பிக்கை என்பது கொள்கையன்று, நன்றிக்கடன்; பென்னை மீட்கும் வேலையில் அவர் காட்டும் பிடிவாதத்துக்கு இதைவிட நம்பத்தகுந்த நோக்கம் எதுவும் தேவையில்லை.

2023 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் பருவம் இன்னும் துணிந்தது. பென்னுக்கு ஒரு நொடியாகக் கழிந்தது, நிகழ்காலத்தில் மூன்று ஆண்டுகள். அவர் இறந்துவிட்டதாகக் கருதித் திட்டம் மூடப்பட்டுவிட்டது, துக்கம் காத்த அடிசன் டாம் வெஸ்ட்ஃபால் என்பவரோடு புதிய உறவில் இருக்கிறார். தேடலைக் கைவிடாதவர், குழுவின் கணினி வல்லுநரான இயன் ரைட். காத்திருந்தவர் உயர்ந்தவர், காத்திருக்காதவர் தாழ்ந்தவர் என்ற மலிவான தீர்ப்புக்கு எழுத்தாளர்கள் இடங்கொடுக்காதது பாராட்டத்தக்கது: அடிசனின் நம்பிக்கை தீர்ந்துபோனது குற்றமாகக் காட்டப்படவில்லை, இயனின் பிடிவாதத்துக்குள் குற்றவுணர்வும் கலந்திருப்பது மறைக்கப்படவில்லை. பழைய 'எம்.ஐ.ஏ.' பகுதியில் பெத்தின் நிலையும் இதுவே என்பதை நினைத்தால், ஆலின் கண்வழியே மட்டும் சொல்லப்பட்ட கதை இங்கே காத்திருந்தவளின் பக்கத்திலிருந்து மறுபடி எழுதப்பட்டிருப்பது தெரியும். காதல் என்ற ஒற்றை நோக்கம் பறிபோன பின்பும் பென் தொடர்ந்து பிறருக்காக உழைப்பதால், முதல் பருவத்தில் காணாமற்போயிருந்த சாமின் அறம் இங்கே திரும்பி வருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது, 1992-இல், கொரிய அமெரிக்கக் கடைக்காரக் குடும்பமொன்றைப் பற்றிய பகுதி இதற்குச் சிறந்த சான்று. அங்கே அவரைத் தாங்குவது பரிசின் எதிர்பார்ப்பன்று, தம் இனத்தாரின் காயத்தை அறிந்த உறவுணர்வு. 1949-இல் சந்தித்து, வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் ஹன்னா கார்சனோடு மலரும் உறவு அந்த அறத்தைச் சற்றுத் திசைதிருப்பினாலும் அழித்துவிடவில்லை.

கடைசிப் பகுதியில் அடிசனும் கருவிக்குள் இறங்கி, பென் இருக்குமிடத்துக்கே தாவி வந்துசேர்கிறார். சாம் தனியே, விரும்பி, திரும்பாமல் போனார். பென் துணையோடு போகிறார். உணர்ச்சியில் இரண்டாவது முடிவு இனியது, சிந்தனையில் முதலாவது பெரியது. துணையோடு போகிறவர்களுக்கு யார் அனுப்புகிறார் என்று கேட்கும் தேவை குறைந்துவிடுகிறது, புதிய தொடரும் தன் 31 பகுதிகளில் எதிலும் அந்தக் கேள்வியை மையத்துக்குக் கொண்டுவரவில்லை. மூன்றாம் பருவத்தில் கேட்டிருக்குமோ என்று ஊகிக்கவும் வழியில்லை. 2024 ஏப்ரலில் என்பிசி தொடரை நிறுத்திவிட்டது.